ரேடியோ வசந்தாவுக்கு ஒரு ஜெபம்

போதகர் ஐயா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஜெப விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சளிக் காய்ச்சலில் கிடக்கும் மூப்பர் ஐயாவுக்காக. தலைப் பிரசவத்துக்குப் போயிருக்கும் ஒரு சகோதரிக்காக. மழைக்காக. பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளுக்காக.

"அடுத்து, வீட்டை விட்டுப் போய் இன்னும் திரும்பாத நம் சகோதரி வசந்தாவுக்காகவும், கண்ணீரோடு தேடிக்கொண்டிருக்கும் அவருடைய கணவருக்காகவும் ஜெபிப்போம்."

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கத்திலிருந்து "ச்சு ச்சு" என்று ஒரு சத்தம் எழுந்தது. எல்லோரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்கால் போட்டார்கள். புதுச் சுண்ணாம்பு வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து, மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது எனக்கு.

ஏனென்றால் எனக்கு ஒரு வசந்தாவைத் தெரியும். அவளையும் காணவில்லை. அவளுடைய புருஷனும் அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் இருந்தது ரேடியோவில்.

பக்கத்தில் அத்தை, அதாவது என் மாமியார், கண்ணை இறுக்க மூடி, உதடு துடிக்க ஜெபித்துக்கொண்டிருந்தார். 'வேறு ஏதாவது வசந்தாவாக இருக்கும். ஊருக்குப் பத்து வசந்தா இருப்பார்கள்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நானும் முழங்கால் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கோயில் சின்னக் கோயில். அதில் நான் வாயைத் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. பாட்டுக்கூட உதட்டை மட்டும் அசைப்பேன். கல்யாணமாகி வந்த புதிதில், "பொண்ணு ஊமையோ?" என்று ஒரு அம்மா அத்தையிடமே கேட்டிருக்கிறார்.

குடையோடு போனவள்

அந்த நாடகத்தின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பெயர் சொல்லும் நேரத்தில் நான் எப்போதும் அடுப்படியில் இருப்பேன். பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்க ஓடிப்போய்ச் சுவரோரம் நிற்கும்போது முதல் இசை முடிந்திருக்கும்.

துப்பறியும் நாடகம். வாரா வாரம் புதன்கிழமை, விளக்கு வைத்த பிறகு வரும். துப்பறிபவர் பெயர் நீலமேகம். அவர் யோசிக்கிறார் என்றால் கடலை உடைக்கிற சத்தம் கேட்கும். 'டப்' என்று ஓடு உடையும், 'நறுக்' என்று கடிப்பார், பிறகு ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்கு எதிராளி பதில் சொல்ல முடியாமல் திக்குவான். அந்த 'டப்' கேட்டதும் நான் இன்னும் சுவரை ஒட்டிக்கொள்வேன்.

கதை சாதாரணமானதுதான். வசந்தா ஒரு நாள் மத்தியானம் குடையை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறாள். மழை வருகிறது. மழை நிற்கிறது. அவள் வரவில்லை. புருஷன் அழுகிறார். மாடி வீட்டுக்காரன் பொய் சொல்கிறான். ஒவ்வொரு வாரமும் ஒரு கதவு 'கிறீச்' என்று திறக்கிற இடத்தில் நிறுத்திவிடுவார்கள். கதவுக்குப் பின்னால் யார் என்று தெரிந்துகொள்ள அடுத்த புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

என் பேத்தி இப்போது கைபேசியில் இந்த மாதிரிப் பழைய நாடகங்களைத் தேடி எடுத்துக் கேட்கிறாள். காதில் எதையோ சொருகிக்கொண்டு, தனக்குத் தானே சிரித்துக்கொண்டு. எனக்கும் ஒரு காதில் வைத்துவிட்டாள். எல்லாம் தெளிவாகத்தான் கேட்டது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாதி கேட்டும் பாதி கேட்காமலும், கையில் கரண்டியோடு நின்று கேட்டதில் இருந்த ருசி இதில் இல்லை என்று சொன்னேன். "ஆச்சி, உங்களுக்குத் திருட்டுத்தனமா கேட்டாத்தான் பிடிக்கும்" என்றாள். உண்மைதான்.

எங்கள் வீட்டிலும் ரேடியோ இருந்தது. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். கேன்டீனில் வாங்கிக்கொண்டு வந்து, அம்மாவும் நானும் செய்தி கேட்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார். அத்தை அதற்குப் பூ வேலை செய்த உறை ஒன்று தைத்துப் போட்டு, அலமாரியில் ஏற்றிவிட்டார். காலையில் செய்தி, ஞாயிற்றுக்கிழமை ஒரு கிறிஸ்தவப் பாட்டு. அவ்வளவுதான். மற்ற நேரத்தில் உறையைத் தொடக்கூடாது. "பேட்டரி செல் தீந்துபோச்சுன்னா எம்மவன் இருக்க எல்லையில என்ன நடக்குன்னு யாரு சொல்லுவா?" என்பார். நியாயந்தானே.

முட்டைக் கேஸ்

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் போலீஸ் ஏட்டையா வீடு. அவர் மனைவியை நான் கோமதி சித்தி என்று கூப்பிடுவேன், அதுவும் அத்தை இல்லாத நேரத்தில் மட்டும். ஏனென்றால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

காரணம் ஒரு கோழி. அத்தையின் கோழி சுவரைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் முட்டை போட்டது. கோமதி சித்தி அதை எடுத்துப் பொரித்துவிட்டார். "எங்க கோழி போட்ட முட்டை" என்று இவர். "எங்க எடத்துல கெடந்த முட்டை" என்று அவர். ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்துவைத்த ஏட்டையாவால் இந்தக் கேஸை மட்டும் தீர்க்க முடியவில்லை.

ஏட்டையா வீட்டுக்கு எப்போதும் யாராவது வந்து அழுவார்கள். மாட்டைக் காணோம், மகன் அடித்தான், நகையைக் காணோம் என்று ஸ்டேஷனுக்குப் போகப் பயந்தவர்கள் நேரே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சுவர் வழியாக அழுகைச் சத்தம் வருவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

புதன்கிழமை சாயங்காலம் அத்தை ஜெபக்கூட்டத்துக்குப் போய்விடுவார். அதனால்தான் எனக்குச் சுவரோரம் நிற்க வாய்த்தது. ஆனால் ஒரு புதன்கிழமை கால் வலி என்று அவர் போகவில்லை. நான் அடுப்படியில் அடைந்துகிடந்தேன். அவர் கொல்லைப்புறம் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வசந்தாவுக்காக முதலில் ஜெபித்த அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அவரே சொன்னார்.

"ஏட்டி ஜெபா, பக்கத்து வீட்டுல அன்னைக்கு ஒரு மனுஷன் அழுதாரு பாரு, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. நல்லாப் படிச்சவரு போல. பேச்சே பொஸ்தகம் வாசிக்க மாதிரி இருந்துச்சு. 'என் வசந்தா குடையை மட்டும்தானே எடுத்துக்கொண்டு போனாள்'னு சொல்லிச் சொல்லி அழுதாரு."

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

"அந்த ஏட்டு இருக்கானே, கல்நெஞ்சக்காரன். அந்த மனுஷன் அம்புட்டு அழுதாரு, இவன் கடலையக் கடிச்சுக்கிட்டே கேள்வி கேக்கான்! அதான் நேத்தே போதகர் ஐயாகிட்டச் சொல்லிட்டேன். போலீஸ் தேடட்டும், நாம ஜெபிப்போம்."

'அத்தை, அது நாடகம்' என்று மூன்றே வார்த்தை. தொண்டை வரை வந்தது. சொன்னால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார். கேட்டால் நான் சுவரோரம் நின்றது வெளியே வரும். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சாட்சி சொல்லும் வழக்கம்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால், அது நிறைவேறும் வரை வாரா வாரம் சொல்லுவார்கள். நிறைவேறியதும் விண்ணப்பம் கொடுத்தவரே எழுந்து சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். 'காய்ச்சல் விட்டது', 'வேலை கிடைத்தது' என்று சொல்லி நன்றி செலுத்தினால்தான் அந்தப் பேரை எடுப்பார்கள்.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வசந்தா வந்தாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். மூப்பர் ஐயாவுக்குச் சளி போய்விட்டது. மழை வந்துவிட்டது. அந்தச் சகோதரிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. வசந்தா மட்டும் போகவேயில்லை.

அத்தை பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. அவர் மனசு வைத்த விண்ணப்பம் என்றதும் சங்கத்தில் எல்லோருக்கும் வேகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்று முடிவாயிற்று. சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு அக்கா பஸ் ஏறி வந்து பட்டினி கிடந்து ஜெபித்துவிட்டுப் போனார். யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக இத்தனை பேர் சாப்பிடாமல் இருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒரு நாள் துணிந்துவிட்டேன். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, அந்த வசந்தா..."

மேற்கொண்டு பேச விடவில்லை. சுளகைக் கீழே வைத்தார்.

"நீயும் அவளையே நெனச்சுக்கிட்டு இருக்கியா தாயி? நான் கவனிச்சேன். அவ பேரச் சொல்லும்போதெல்லாம் ஒன் மொகம் வாடுது. ஒனக்கு இம்புட்டு எரக்க கொணம் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

என் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் சேலையில் தவிட்டு வாசனை. அப்படியே கிடந்தேன். நாடகம் என்று சொன்னால் இந்த மடி போய்விடும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

சபைக்கு முன்னால் அவர் தலை குனிந்து நிற்பதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த அம்மா யார் முன்னாலும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

சுப்பம்மாவின் யோசனை

அந்தக் காலத்தில் நான் இராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி செய்கிற ஒரு கம்பெனி. வெளுத்துக் காயவைத்த துணியை அகலம் அகலமாக வெட்டிக் கொடுப்பார்கள். கையால் சுற்றுகிற சின்ன மெஷினில் அதை உருட்டி உருட்டிக் கட்டாக்க வேண்டும். சாயங்காலம் வெளியே வரும்போது இமையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். என் பிறந்த வீடும் இராஜபாளையம்தான். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நேரே பஞ்சுக்குள் போனவள் நான்.

புரட்டாசி மாதம் என்றால் பஸ்ஸில் இடம் கிடைக்காது. எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை மலைக்கோயில் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் ஏறி இறங்கும். ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் ஒரு தாத்தா, "தாயி, தலையில என்ன, பனியா?" என்று என் தலையிலிருந்து பஞ்சை எடுத்துக் கொடுத்தார். வெட்கத்தில் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். மீதி தூரம் நடை. அப்படிப்பட்ட ஆள் நான்.

கம்பெனியில் வியாழக்கிழமை காலையில் கை உருட்டும், வாய் முழுக்க வசந்தா. எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் சுப்பம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். ஆரம்பத்திலிருந்தே வசந்தாவைப் புருஷன்தான் கொன்றுவிட்டான் என்று சாதித்தாள்.

"அம்புட்டு அழுதான்னா அவன்தான். நெசமாப் பொண்டாட்டியக் காணோம்னா எந்த ஆம்பளை அழுவான்? சோறு யார் பொங்குவான்னுதான் தேடுவான்."

அவளிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன், மெஷின் சத்தத்துக்குள் மறைந்துகொண்டு, மெதுவாக.

"இதேமி கதம்மா, என்ன கதை இது!" என்று கத்தியேவிட்டாள். சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பேண்டேஜ் உருண்டு மேஸ்திரி கால் வரை போய்விட்டது. மேஸ்திரி முறைக்கவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீ ஒண்ணும் பயப்படாத ஜெபா. இம்புட்டுப் பேர் பட்டினி கெடந்து கேட்டா நாடகம் எழுதுறவனுக்கே கை நடுங்கும். அவ உசுரோட வந்துருவா. வந்துட்டா ஒங்க அத்தை எந்திரிச்சு சாட்சி சொல்லிருவாக. விசயம் முடிஞ்சது."

"செத்துட்டா?"

சுப்பம்மா அடுத்த துணியை எடுத்து மெஷினில் மாட்டினாள். "செத்துட்டா, எழவு வீட்டுக்கு வார மாதிரி ஒங்க சபையில துட்டி கேக்கத்தான் வருவாக" என்றாள்.

அன்றிலிருந்து நானும் உண்மையாகவே ஜெபிக்க ஆரம்பித்தேன். நாடகக்காரப் பெண்ணுக்காக ஜெபிப்பது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. 'ஆண்டவரே, அவளைக் கொன்றுவிடாதேயும்' என்பேன். யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

ஏட்டையா வாய் அசையவில்லை

கடைசி நாடகம் என்று சொல்லியிருந்த புதன்கிழமை. நான் வேலை முடிந்து வந்து சேரும்போதே அத்தை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, வேத புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஜெபக்கூட்டத்துக்கா அத்தை?"

"இல்லட்டி. சங்கத்துல பேசிட்டோம். அந்த மனுஷனை நேர்ல பாத்து ஆறுதல் சொல்லணும். ஏட்டு வீட்டுலதான அட்ரஸ் இருக்கும். போய்க் கேக்கப் போறேன்."

"கோமதி சித்தி வீட்டுக்கா?"

"முட்டை பெருசா, மனுஷி பெருசா? வா, நீயும் வா."

அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் மரியாதை கூடும். ஆனால் அந்த நேரத்தில் அவரை எப்படித் தடுப்பது என்றுதான் யோசித்தேன். ஊரில் யாரிடம் அவமானப்பட்டாலும் பொறுப்பார். கோமதி சித்தி முன்னால் பட்டால் தாங்கமாட்டார். "அத்தை, செத்த நேரம்... அத்தை, பொறவு போவோம்" என்று பின்னாலேயே ஓடினேன். அவர் அதற்குள் படியேறிவிட்டார்.

ஏட்டையா வீட்டு முன்னறையில் தெருவில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டையா பனியனோடு நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு. நடுவில் முக்காலி. முக்காலி மேல் ரேடியோ.

"யம்மா கோமதி" என்று அத்தை ஆரம்பித்தார்.

"என் வசந்தா எங்கே ஐயா? குடை கிடைத்துவிட்டது என்கிறீர்களே, என் வசந்தா எங்கே?" என்று அந்த மனுஷன் அழுதார்.

'டப்' என்று கடலை உடைந்தது. 'நறுக்'.

அத்தை ஏட்டையாவின் வாயைப் பார்த்தார். ஏட்டையா வாய் அசையவில்லை. மீசை கூட அசையவில்லை. அத்தை ரேடியோவைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். வேத புத்தகத்தை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

கோமதி சித்தி எழுந்து வந்தார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "என்னக்கா, அதிசயமா இருக்கு! முட்டைய வாங்கிட்டுப் போக வந்தியளா?" என்றார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அத்தைக்குப் பேச்சு வரவில்லை. அவருக்குப் பேச்சு வராமல் நான் பார்த்ததே இல்லை.

எனக்கு வந்துவிட்டது.

"இல்ல சித்தி, நாடகம் கேக்கத்தான் வந்தோம். எங்க ரேடியோவுல செல் தீந்துபோச்சு. இன்னைக்குக் கடைசி, விட முடியாதுன்னு சொல்லி நான்தான் அத்தையக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஏட்டையா கட்டியிருந்த கையை எடுத்துவிட்டார். என் குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அந்தத் தெருவுக்கே தெரிந்தது.

"அடி ஆத்தீ! ஒங்க மருமகளுக்கு வாயி இருக்காக்கா!" என்றார் கோமதி சித்தி. அப்புறம் என்ன நினைத்தாரோ, ஒரு பையனை எழுப்பிவிட்டு, பெஞ்சை முந்தானையால் துடைத்தார். "உக்காருங்கக்கா. நின்னுக்கிட்டே இருந்தா எப்பிடி? ஏய், சத்தம் போடாதிய, கதவத் தெறக்கப் போறான்."

அத்தை உட்கார்ந்தார். நான் காலடியில் உட்கார்ந்தேன்.

முதலில் அவர் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு நீலமேகம் ஒரு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தார். தலை முழுக்கக் கட்டுப் போட்டு, பேர் ஊர் தெரியாமல் ஒரு பெண் கிடக்கிறாள் என்று நர்சு சொன்னாள். அந்தக் காலத்து நாடகத்தில் யாருக்கு அடிபட்டாலும் ஞாபகம்தான் போகும்.

"அவதான்!" என்றார் அத்தை, சத்தமாக. எல்லோரும் திரும்பினார்கள். அவருக்கு அது தெரியவில்லை. "அவதான், அவதான். அந்தக் குடையக் காட்டச் சொல்லு. குடையப் பாத்தா ஞாபகம் வந்துரும்!"

"அட ஆமாக்கா, குடைய மறந்துட்டானே பாவி!" என்று கோமதி சித்தி ரேடியோவைத் திட்டினார்.

நீலமேகம் மறக்கவில்லை. குடையை விரித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் வசந்தா "மழை நின்றுவிட்டதா?" என்று கேட்டாள். அறையில் ஒருவர் பாக்கியில்லாமல் அழுதோம். கோமதி சித்தி அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு காபி வந்தது. முட்டையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

எழுந்து நின்ற அத்தை

வீட்டுக்கு வந்தும் அத்தை ஒன்றும் கேட்கவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. வெள்ளிக்கிழமை உபவாசத்தை 'இந்த வாரம் வேண்டாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். சுப்பம்மாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். வசந்தா தலையில் இருந்த கட்டு நாங்கள் சுற்றியதாகத்தான் இருக்கும் என்று கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சனிக்கிழமை, துணி மடிக்கும்போது அத்தை கேட்டார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லயே தெரியும்த்தை."

"ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"யாரப் பாத்து? என்னையப் பாத்தா?"

நான் குனிந்து ஒரு சேலையை எடுத்து உதறினேன். அவர் கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா, "நம் சகோதரி வசந்தாவுக்காக" என்று ஆரம்பித்ததும் அத்தை எழுந்துவிட்டார். 'கிடைத்துவிட்டாள், ஸ்தோத்திரம்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் அத்தை. "நான் சொன்ன வசந்தா நெசப் பொம்பளை இல்ல. ரேடியோ நாடகத்துல வாரவ. பக்கத்து வீட்டுச் சத்தத்தக் கேட்டு நான் நெசம்னு நெனச்சுட்டேன். ஒங்க எல்லாரையும் பட்டினி போட்டு, ஒரு நாடகத்துக்கு முழங்கால் போட வெச்சுட்டேன். என்னைய மன்னிச்சுருங்க."

அவர் இன்னும் உட்காரவில்லை.

"எம் மருமகளுக்கு ஆரம்பத்துலயே தெரியும். சொல்லல. ஏன் சொல்லலன்னா, அந்தப் பிள்ளை என்னையப் பாத்துப் பயந்துருக்கு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லப் பயந்துருக்கு. அது அவ தப்பு இல்ல. எந் தப்பு. அதையும் சேத்துச் சொல்லிருதேன்."

நான் முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டேன். போதகர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து, சளிக் காய்ச்சலில் கிடந்து எழுந்த மூப்பர் ஐயாவின் குரல் வந்தது.

"அது கெடக்கட்டும்மா. அவ கெடைச்சாளா, கெடைக்கலையா? அதச் சொல்லு மொதல்ல."

அத்தை அவர் பக்கம் திரும்பினார். பிறகு, "கெடைச்சுட்டாய்யா" என்றார். "உசுரோட கெடைச்சுட்டா. தலையில அடிபட்டு ஆஸ்பத்திரியில கெடந்துருக்கா. குடைய விரிச்சதும் ஞாபகம் வந்துட்டு."

"ஸ்தோத்திரம்!" என்றது கோயில் முழுக்க, ஒரே குரலாக. யாரும் யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சிரிப்பு கிளம்பியது. போதகர் ஐயாவும் சிரித்தார். சுந்தரபாண்டியத்து அக்கா கண்ணீர் வழியச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பாட்டு ஆரம்பித்தார்கள். நானும் பாடினேன், சத்தத்தோடு.

ஆராதனை முடிந்து அத்தையால் வெளியே வர முடியவில்லை. சங்கத்துப் பெண்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ரேடியோ இல்லாத வீடுகள்தான் அதிகம். மாடி வீட்டுக்காரன் ஏன் பொய் சொன்னான், குடை யார் கையில் இருந்தது என்று ஆதியோடு அந்தமாகக் கேட்டார்கள். பாதி அத்தைக்குத் தெரியவில்லை. "ஏட்டி ஜெபா, இங்க வா, நீ சொல்லு" என்று என்னை நடுவில் இழுத்துவிட்டார். நான் கோயில் படியில் நின்றுகொண்டு, கடலை உடைக்கிற சத்தம் முதற்கொண்டு முழுக் கதையையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அத்தை பாயை விரித்தார்.

"செல் தீந்துபோச்சுன்னு கோமதிகிட்டப் பொய் சொன்னியே. அதுக்கு மன்னிப்புக் கேக்கணும். முழங்கால் போடு."

"சரித்தை."

"நானும் போடுதேன். எனக்காகச் சொன்னதுதான."

இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போட்டோம். அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் மன்னிப்பே கேட்கவில்லை, நன்றி மட்டும்தான் சொன்னேன்.

எழுந்திருக்கும்போது அவருக்குக் கால் மரத்துவிட்டது. என் தோளில் கையை ஊன்றினார்.

"மெதுவா எந்திரிட்டி. நான் என்ன ஒன்னைய மாதிரிக் கொமரியா?" என்றார்.